இரண்டாம் வரிசை, ஜன்னலோரம்

ஜூலை 3, திங்கள்

"வாலத் தூக்குல! தூக்கிக்கிட்டு எட்டுப் போடு!" என்று நான் கத்தியதும், தமிழ் மிஸ் பிளாரன்ஸ், வேன் ஜன்னலுக்கு வெளியே வந்து நின்றதும் ஒரே சமயத்தில் நடந்துவிட்டன. என் தலையில் துண்டு தொப்பி மாதிரி மடிந்து உட்கார்ந்திருந்தது. ஒரு கையில் தண்ணீர் பாட்டில், லத்தியாக.

நான் ஓட்டும் ஸ்கூல் வேனில் பிள்ளைகள் அடித்துக்கொள்ளாமல் இருக்கக் கதை சொல்வது என் வழக்கம். இலஞ்சியில் முதல் பிள்ளை ஏறும்போது தொடங்கினால் மேலகரம் சுற்றித் தென்காசியில் பள்ளிக்கூட வாசலில் வந்து நிற்கும். இந்த வாரம், குற்றாலத்துக் குரங்கு ஒன்று வேன் ஓட்ட லைசன்ஸ் எடுக்கப் போகிற கதை. வாலைத் தூக்கச் சொன்னது ஆர்.டி.ஓ. அதிகாரி, நான் அல்ல. இதை ஒரு மிஸ்ஸிடம் எப்படி விளக்குவது? துண்டை எடுத்து முகம் துடைப்பதுபோலத் துடைத்தேன்.

மணி அடித்தும் பிள்ளைகள் இறங்கவில்லை. ஒன்றாம் வகுப்பு ஆலியா சீட்டில் எக்கி நின்று, "பெறவு மாமா?" என்கிறாள்.

"முடிச்சிட்டீங்களா அண்ணாச்சி?" என்றார் மிஸ்.

"சாயங்காலத்துக்கு மிச்சம் இருக்கு மிஸ்."

"அத அப்படியே எழுதிக் குடுங்க. ஆண்டு மலர்ல போடுவோம். பெற்றோர் பக்கத்துக்குன்னு கேட்டா ஒருத்தரும் எழுதித் தர மாட்டேங்காங்க."

"ஆகட்டும் மிஸ்" என்றேன். யார் எதைக் கேட்டாலும் ஆகட்டும் என்பது எனக்கு ஒரு வியாதி. மாதக் கடைசிக்குள் வேண்டுமாம். தினமும் டைரி எழுதினால் கை தானாக ஓடும் என்று வேறு சொல்லிவிட்டுப் போனார். அதனால்தான் இந்த டைரி. உரக்கடையில் ஓசியில் கொடுத்தது. ஜனவரி முதல் நேற்று வரை என் வாழ்க்கையில் ஒன்றுமே நடக்காத மாதிரி வெள்ளையாக இருக்கிறது.

நான் தொப்பியும் லத்தியுமாக இருந்த நேரம் என் மகள் உலகம்மாள் சைக்கிளை நிறுத்திக்கொண்டிருந்தாள். அவள் அதே பள்ளிக்கூடத்தில் ஒன்பதாவது. பூட்டு என்ற ஒரு பொருளை வாழ்க்கையில் முதல்முறை பார்க்கிறவள்போலக் குனிந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

ஜூலை 4, செவ்வாய்

"ஒரு ஊரில் ஒரு குரங்கு இருந்தது." இன்று எழுதியது இவ்வளவுதான். அந்த வரியும் எனக்கு முன்பே யாரோ எழுதிவிட்ட மாதிரி இருக்கிறது.

ஜூலை 5, புதன்

பெரிய காரியம் என்றால் முறையாகச் செய்ய வேண்டும் என்று விடியும் முன் எழுந்து தலைக்குக் குளித்தேன். விபூதி பூசி, ஊதுபத்தி கொளுத்தி, புதுப் பேனாவைச் சாமி படத்தின் முன் வைத்து எடுத்து உட்கார்ந்தேன். குரங்கு வரவில்லை. தும்மல் வந்தது.

என் வீட்டுக்காரி செண்பகம் காப்பி கொண்டுவந்து வைத்துவிட்டு நின்று பார்த்தாள்.

"என்ன, பரீட்சையா?"

"கதை எழுதுதேன் ஏட்டி."

"பன்னெண்டாப்புல இப்படிக் குளிச்சிட்டு உக்காந்திருந்தா அப்பவே பாஸாயிருப்பீங்களே."

பன்னிரண்டாவதில் கணக்குப்பதிவியல் என்னை விட்டுவிட்டது. நானும் அதை விட்டுவிட்டேன். அதை இவள் விடமாட்டாள்.

உலகு தலை பின்னிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். நான் சட்டை மாட்டும்போது பக்கத்தில் வந்தாள்.

"அப்பா, ஆண்டு மலர்லயா வரப் போவுது?"

"ஆமா. ஒங்க மிஸ்தான் கேட்டாங்க."

"கதையக் குடுங்க. பேரு மட்டும் போடாதீங்கப்பா. கிளாஸ்ல பிள்ளைங்க ஒரு மாதிரி…" என்று நிறுத்தினாள். "ஏற்கெனவே வாலத் தூக்கு, வாலத் தூக்குன்னு பின்னாடி வந்து சொல்லுதாங்க."

"அதுக்கென்ன, போடாமலே குடுத்திருவோம்" என்றேன். ஆகட்டும் வியாதி.

நியாயமான பேச்சுதான். நான் ஒன்பதாவது படிக்கும்போது என் அப்பா பள்ளிக்கூட வாசலில் துண்டைத் தலையில் போட்டுக் கத்தியிருந்தால் நான் செங்கோட்டைப் பக்கம் ஓடியே போயிருப்பேன். இந்த ஜூனிலிருந்து அவள் வேனில் வருவதில்லை. சைக்கிள்தான். எல்.கே.ஜி. முதல் எட்டாவது வரை வந்தவள். எனக்கு வசதிதான், வேனில் ஒரு இடம் மிச்சம்.

ஜூலை 7, வெள்ளி

எழுத்தாளர்கள் எழுதும் முன் மனத்தை எப்படித் தயார் செய்வார்கள் என்று போனில் ஒரு வீடியோ பார்த்தேன். மெழுகுவர்த்தி ஏற்றி, புல்லாங்குழல் இசை போட்டு, மூச்சை உள்ளே இழுத்து மெதுவாக விடவேண்டுமாம். இழுத்தேன். விட்டேன். செண்பகம் உலுக்கியபோது சாயங்கால டிரிப்புக்கு நேரமாகிவிட்டது. மெழுகு உருகி டைரியில் ஒட்டியிருக்கிறது, இதோ இந்த மூலையில்.

தூங்குவதற்கு அருமையான வழி. மறக்காமல் குறித்துவைக்கிறேன்.

ஜூலை 9, ஞாயிறு

யோசித்துப் பார்த்தேன். வாய்க்குக் கதை வருகிறது, கைக்கு வரவில்லை. வாய்க்கு எங்கே வருகிறது? வேனில். அப்படியானால் வேனில் உட்கார்ந்துதானே எழுதவேண்டும்? இது தோன்ற இத்தனை நாள் ஆனதை நினைத்தால் கணக்குப்பதிவியல் செய்தது சரிதான்.

வாசலில் நின்ற வேனில் ஏறி டிரைவர் சீட்டில் உட்கார்ந்தேன். ஸ்டியரிங்கைப் பிடித்ததும் குரங்கு வந்துவிட்டது. அதிகாரி வந்துவிட்டார். முகவரிச் சான்று கேட்கிறார். குரங்கு அவரை மரத்துக்குக் கூட்டிப்போகிறது. அடடா என்று பேனாவை எடுக்கக் கையை விட்டேன். குரங்கைக் காணோம். மறுபடி பிடித்தேன், வந்தது. விட்டேன், போய்விட்டது. எஞ்சினைப் போட்டால் நிற்குமோ என்று அதையும் செய்து பார்த்தேன்.

"எங்க கிளம்பிட்டீங்க?" என்று உள்ளேயிருந்து சத்தம்.

"எங்கயும் இல்ல."

"பெறவு டீசல் என்ன குழாயிலயா வருது?"

அணைத்துவிட்டேன்.

ஜூலை 10, திங்கள்

வந்துவிட்டது! ஒரு பக்கம் முழுக்க!

பிள்ளைகளை இறக்கிவிட்டு, எப்போதும் போல வேனைப் பள்ளிக்கூடத்துப் பின்சுவரோரம் நிறுத்திப் பெருக்கினேன். மிட்டாய்த் தாள், ஒரு ரப்பர், ஒற்றைச் சாக்ஸ். ஒற்றைச் சாக்ஸோடு ஒரு பிள்ளை எப்படி வகுப்புக்குப் போகும் என்று நினைத்துக்கொண்டே களைப்பாக இரண்டாம் வரிசை ஜன்னலோரத்தில் உட்கார்ந்தேன். சின்னப் பிள்ளைகள் சீட்டு. முழங்கால் இரண்டும் தாடையில் முட்டியது. வயிற்றை வேறு எங்காவது வைத்துவிட்டு வந்திருக்க வேண்டும்.

வெளியே சாரல். முன்னால் டிரைவர் சீட்டின் முதுகு தெரிந்தது, கண்ணாடி தெரிந்தது. அங்கே யாரும் இல்லை. ஆனால் இருக்கிற மாதிரி இருந்தது. சும்மா, விளையாட்டுக்குத்தான், "ம், சொல்லும்வே" என்றேன்.

சொல்ல ஆரம்பித்துவிட்டார்! குரங்கு, அதிகாரி, எட்டு, வால், எல்லாம். நான் கேட்டு எழுதினேன், அவ்வளவுதான்.

ஏன் அந்தச் சீட்டில் மட்டும் வருகிறது என்று மற்றச் சீட்டுகளிலும் உட்கார்ந்து பார்த்தேன். வரவில்லை. அந்த ஜன்னல் ஒன்றுதான் ஒழுங்காக மூடும், சாரல் உள்ளே அடிக்காது. அதனால்தான்.

ஜூலை 12, புதன்

இப்போது ஒரு முறை உருவாகிவிட்டது. முதலில் பெருக்க வேண்டும். செருப்பைப் படியில் கழற்ற வேண்டும். பிளாஸ்கிலிருந்து மூடியில் டீ ஊற்றிப் பாதி குடிக்க வேண்டும். முழுதாகக் குடித்தால் கதை சீக்கிரம் முடிந்துவிடுகிறது. பிறகு இரண்டாம் வரிசை ஜன்னலோரம். எனக்கு முன்னால், முதல் வரிசைச் சீட்டின் பின்பக்க ரெக்ஸினில் பேனாவால் கீறிய ஒரு பூ இருக்கிறது, ஐந்து இதழ், ஒரு இதழ் மட்டும் பெரிது. அதை விரலால் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டு, "ம், சொல்லும்வே."

அந்தப் பூவைக் கீறியதற்கு உலகுக்கு இரண்டாம் வகுப்பில் நல்ல திட்டு விழுந்தது. திட்டியது நான்தான். புது வேன் அப்போது.

இன்று 'சொல்லும்வே' சொன்ன நேரம் பள்ளிக்கூட வாட்ச்மேன் சுவருக்கு மேலே தலையை நீட்டினார்.

"யாருகிட்ட பேசுதீரு?"

"யாருகிட்டயும் இல்ல."

"நல்லது. பதில் வராத வரைக்கும் பயப்படாதீரும்" என்று தலையை இழுத்துக்கொண்டார்.

பதில்தான் வருகிறதே என்று அவரிடம் சொல்லவில்லை.

ஜூலை 13, வியாழன்

பல்வலி. கதை ஓடியது. பல்வலி தெரியவில்லை. இறங்கியதும் தெரிந்தது.

ஜூலை 15, சனி

சோதனை. வேன் சீட்டெல்லாம் கிழிந்திருக்கிறது, மாற்றவேண்டும் என்று பள்ளிக்கூடத்தில் சொல்லிவிட்டார்கள். நல்ல வேளையாகச் சனி ஞாயிறு. சீட் கவர் தைக்கிற கடையில் கொண்டுபோய் விட்டேன். அவர் எல்லாவற்றையும் கழற்றி, பழைய ரெக்ஸினைக் கிழிக்கக் கத்தியை எடுத்தார். எனக்கு வேண்டிய இரண்டு சீட்டில், அதாவது என் ஜன்னலோரச் சீட்டிலும் பூப்போட்ட முன்சீட்டிலும், முன்சீட்டுதான் வரிசையில் முதலில் நின்றது.

"அத விட்ரும்" என்றேன்.

"இதான் ரொம்ப மோசமா இருக்கு அண்ணாச்சி."

"மோசமா இருந்தா இருக்கட்டும். அதுக்கு மேலயே புதுசப் போர்த்தித் தையும். கிழிக்கவேண்டாம்."

"மேல மேல போட்டா மெத்தை மாதிரி புடைக்கும்."

"புடைச்சா நல்லது, பிள்ளைங்க சொகமா சாஞ்சுக்கிடும்."

என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். கதையோ நடுவில் நிற்கிறது, இரண்டு நாள் விட்டால் அந்த ஆள் டிரைவர் சீட்டிலிருந்து இறங்கிப் போய்விடுவாரோ என்று எனக்குப் பயம். அளவெடுத்தபிறகு இரண்டு சீட்டையும் ஆட்டோவில் போட்டு வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டேன். திங்கள் விடியற்காலையில் தருகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.

செண்பகம் வாசலில் நின்று ஆட்டோவைப் பார்த்தாள். சீட்டைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"வீட்ல கட்டில் கெடக்கு, சேர் கெடக்கு, பாய் கெடக்கு. இது எதுக்கு?"

"கதைக்கு."

"கோட்டி முத்திட்டு" என்று ஆட்டோக்காரரிடம் சொன்னாள். ஆனால் ஒரு பக்கத்தை அவள்தான் பிடித்து உள்ளே தூக்கினாள்.

ஜூலை 16, ஞாயிறு

நடுவீட்டில் ஒரு சீட்டுக்குப் பின்னால் ஒரு சீட்டாகப் போட்டு, பின்சீட்டில் உட்கார்ந்து, பாதி டீ குடித்து, பூவைச் சுற்றி, "ம், சொல்லும்வே" என்றேன். முன்சீட்டில் உட்கார்ந்து பூண்டு உரித்துக்கொண்டிருந்த செண்பகம், "சிலிண்டர் தீரப் போவுது. ஒங்க அக்கா பேசுனாங்க. மாடித் தண்ணித் தொட்டி ஒழுகுது" என்று வரிசையாகச் சொன்னாள். எழுதிக்கொண்டேன். கதை இல்லாவிட்டாலும் தொட்டி அடைபடும்.

டியூஷனிலிருந்து உலகு வந்தாள். பையைத் தோளிலிருந்து இறக்காமலே நின்றாள். முன்சீட்டின் முதுகைப் பார்த்தாள். நான் விரலை எடுத்துவிட்டேன்.

"இது எஞ்சீட்டுல்லா?"

"இதா? அப்படியா?" என்றேன். "சாரல் அடிக்காத சீட்டுன்னு எடுத்தேன்."

"வீட்டுக்குள்ள சாரல் அடிக்குமாப்பா?"

செண்பகம் பூண்டைப் பார்த்துச் சிரித்தாள். உலகு உள்ளே போய் உடை மாற்றிக்கொண்டு வந்தாள். கணக்கு நோட்டை எடுத்தாள். மேசைக்குப் போகவில்லை. என் பக்கத்தில், ஜன்னலோரமாக, அதாவது சுவரோரமாக வந்து உட்கார்ந்து கணக்குப் போட ஆரம்பித்தாள்.

"தள்ளி உக்காருங்கப்பா, எடமே இல்ல."

தள்ளி உட்கார்ந்தேன். பாதித் தொடை வெளியே நின்றது.

அப்போது கதை வேறு பக்கம் திரும்பிவிட்டது. நான் திருப்பவில்லை.

ஜூலை 18, செவ்வாய்

சீட்டுகள் வேனுக்குப் போய்விட்டன. முன்சீட்டு மெத்தை மாதிரி புடைத்துத்தான் இருக்கிறது. பூ உள்ளே போய்விட்டது, தடவிப் பார்த்தால் தெரிகிற மாதிரி எனக்கு ஒரு எண்ணம். ஆலியா சாய்ந்து பார்த்துவிட்டு, "ஹோட்டல் மாதிரி இருக்கு மாமா" என்றாள்.

கதை இப்படிப் போகிறது. குரங்கு லைசன்ஸ் எடுக்கப் போனது ஆசைக்காக அல்ல. அதற்கு ஒரு குட்டி. எந்நேரமும் வயிற்றைக் கட்டிக்கொண்டு வரும். வளர வளரப் பாரம். தூக்கிக்கொண்டு தாவ முடியவில்லை. ஒரு வேன் இருந்தால் ஏற்றிக்கொண்டு போகலாமே என்றுதான் அந்த எட்டு, அந்த வால், அவ்வளவு பாடும். ஒருவழியாக லைசன்ஸ் கிடைத்து வேனோடு வருகிறது. வந்து பார்த்தால் குட்டி மரத்துக்கு மரம் தானே தாவிக்கொண்டிருக்கிறது. "நான் இப்படியே வாரேன், நீங்க போங்க" என்கிறது. குரங்கு வெறும் வேனை ஓட்டிக்கொண்டு ரோட்டில் போகிறது. ரோட்டைப் பார்க்காமல் கண்ணாடி வழியாகக் கிளையையே பார்த்துக்கொண்டு போகிறது.

இதற்கு மேல் டிரைவர் சீட்டு ஆள் பேச மாட்டேன் என்கிறார். எத்தனை 'சொல்லும்வே' சொல்லியும் வாயைத் திறக்கவில்லை. டீ முழுக்கக் குடித்துப் பார்த்தேன். ஒன்றும் இல்லை.

எழுதியதைத் திரும்பப் படித்தபோது கண்ணில் தூசி. சாரல் காலத்தில் தூசி எங்கிருந்து வரும் என்று கேட்க ஆளில்லாதது நல்லது. இது குரங்குக் கதை. சிரிப்புக் கதை.

ஜூலை 20, வியாழன்

என் கையெழுத்தை நானே இரண்டு தடவை படித்தால்தான் புரியும். மிஸ்ஸிடம் எப்படிக் கொடுப்பது என்று நின்றபோது, "குடுங்க, நான் எழுதுதேன்" என்று உலகு வாங்கிக்கொண்டாள்.

அடுத்த அறையில் உட்கார்ந்து எழுதினாள். நான் இங்கே செய்தித்தாளைப் பிடித்துக்கொண்டு காதை அங்கே வைத்திருந்தேன். முகவரிச் சான்று வரும் இடத்தில் சிரித்தாள். வால் வரும் இடத்தில், "ஐயோ, இது வேறயா" என்றாள். அப்புறம் பேனாச் சத்தம் நின்றுவிட்டது. செய்தித்தாளைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறேன் என்று செண்பகம் வந்து திருப்பிக் கொடுத்துவிட்டுப் போனாள்.

"அப்பா, முடிவு எங்க?"

"அவ்வளவுதான் வந்துச்சு. குரங்கு போயிக்கிட்டே இருக்கு."

"போயிக்கிட்டே இருந்தா? பெறவு?"

"தெரியலயே ஏட்டி."

பேனா மறுபடி ஓடுகிற சத்தம் கேட்டது. கொஞ்ச நேரம் கழித்துக் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, "பிடிக்கலன்னா அடிச்சிருங்க" என்று பல் தேய்க்கப் போய்விட்டாள்.

கடைசியில் இப்படிச் சேர்த்திருந்தாள்: 'வேன் வளைவில் திரும்பும்போது கூரை மேல் தொம்மென்று ஒரு சத்தம். குரங்கு பயந்து பிரேக் போட்டது. ஒரு ரம்புட்டான் பழம் உருண்டு கண்ணாடி முன்னால் விழுந்தது. கொஞ்ச தூரம் போனதும் இன்னொரு தொம். குட்டி மேலே கூடவே வந்துகொண்டிருந்தது.'

அடிக்கவில்லை.

ஜூலை 21, வெள்ளி

காலையில் மிஸ்ஸிடம் கொடுத்தேன். உலகும் வந்து நின்றாள், ஒரு ஆள் இடைவெளி விட்டு. மிஸ் வாசலிலேயே நின்று படித்தார். சிரித்தார். கடைசிப் பக்கத்தில் சிரிப்பு நின்றது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார்.

"முடிவு ரொம்ப நல்லா இருக்கு அண்ணாச்சி."

"அது எனக்கு வரல மிஸ். உலகு எழுதுனது."

"அப்படியா! பேரே இல்லையே, ரெண்டு பேரு பேரும் போட்ருவோமா?"

சைக்கிள் நிறுத்துகிற இடத்தில் அவள் வகுப்புப் பிள்ளைகள் நாலைந்து பேர் நின்று இங்கேதான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். உலகு தரையைப் பார்த்தாள். காது சிவந்துவிட்டது.

"எம்பேரு வேண்டாம் மிஸ். அச்சுல பாத்தா எனக்குக் கூச்சமா இருக்கும். ஒரு புனைபேரு வச்சு திங்கக்கிழம சொல்லி அனுப்புதேன்" என்றேன்.

"இதுல என்ன கூச்சம்?" என்றார் மிஸ்.

"பெறவியிலயே அப்படித்தான் மிஸ்" என்றேன். வேனுக்குள்ளிருந்து ஆலியா, "வால் மாமா, வாங்க!" என்று கத்தினாள்.

சாயங்காலம் வீட்டில் தோசை. உலகு தட்டோடு என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"ஏம்ப்பா மிஸ்கிட்ட பொய் சொன்னீங்க?"

"என்ன பொய்?"

"கூச்சமாம். துண்டத் தலையில போட்டுக்கிட்டு ரோட்ல கத்துத ஆளுக்கு."

"அது நடிப்பு. உள்ளுக்குள்ள நான் ரொம்பக் கூச்சக்காரன்."

"ஆமா, கல்யாணத்தன்னைக்கு மூணாவது பந்தியிலயும் உக்காந்தாரு பாரு, அந்தக் கூச்சம்" என்றாள் செண்பகம் அடுப்படியிலிருந்து.

உலகு தோசையைப் பிய்த்துக்கொண்டே இருந்தாள், சாப்பிடவில்லை. பிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே மெதுவாக, "பேரு போட்டாலும் ஒண்ணும் இல்லப்பா. ரெண்டு நாள் சொல்லுவாங்க. பெறவு விட்ருவாங்க" என்றாள்.

அவளுக்கு அதைச் சொல்ல எவ்வளவு பாடு என்று தெரிந்தது. அந்த இரண்டு நாளை நான் ஏன் வாங்கிக் கொடுக்க வேண்டும்?

"சும்மா கெட ஏட்டி. புனைபேரு இருந்தாத்தான் எழுத்தாளனுக்கு மருவாதி. நல்ல பேரா ஒண்ணு சொல்லு."

முகம் தெளிந்துவிட்டது. நோட்டை எடுத்துவந்தாள். 'இலஞ்சி இளவரசு' என்றேன். "சீ, வில்லன் மாதிரி இருக்கு" என்றாள். 'ஐந்தருவியான்' என்றேன். செண்பகம், "குரங்குன்னே போடச் சொல்லு, படமும் வேண்டாம்" என்றாள். உலகுக்குப் புரையேறிவிட்டது, தலையில் தட்டித் தண்ணீர் கொடுத்தோம். கடைசியில் 'சாரல்நேசன்' என்று அவளே வைத்தாள். எழுதி, கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்து, கீழே ஒரு கோடும் போட்டாள்.

"நல்லாருக்காப்பா? இல்ல, ஒங்களுக்கு வேற எதுவும் பேரு தோணுதா?"

"இதே அருமை. இத விடவா தோணப் போவுது" என்றேன்.

தோன்றியது. சொல்லவில்லை. பால்காரர், மளிகைக்கடை, எதிர்வீடு, எல்லாரும் என்னைக் கூப்பிடுகிற பேர்தான் அது. திருமலைக்குமார் என்று என் சொந்தப் பேரைச் சொன்னால் தெருவில் பாதிப் பேருக்கு யாரென்றே தெரியாது. கதைக்குக் கீழே அச்சில் அந்தப் பேரை ஒரே ஒரு தடவை பார்க்கவேண்டும் என்று எனக்கு இருந்தது.

உலகு அப்பா.